குழுவாக வேலை செய்யும் திறனை எதை வைத்து அளப்பது? கொங்கு மருத்துவமனைகளுக்கும் செவிலியர் கல்லூரிகளுக்கும் ஓர் ஒப்பீடு

கோபி, பவானி, தாராபுரம், உடுமலை என்று நம் பக்கத்து ஊர்களில் ஐம்பது படுக்கையிலிருந்து இருநூறு படுக்கை வரை உள்ள மருத்துவமனைகள் நிறைய. சிலவற்றோடு ஒரு செவிலியர் கல்லூரியும் ஒட்டியிருக்கும். இவற்றின் தரக் குழுக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. டாக்டர், சிஸ்டர், டெக்னீஷியன், ஆயாம்மா எல்லோரும் ஒரு நோயாளியைச் சுற்றி நின்று வேலை செய்கிறார்கள். அப்படிச் சேர்ந்து செய்யும் திறனை எப்படி மதிப்பிடுவது? ஒருவர் இணையத்திலிருந்து ஒரு படிவத்தை எடுத்து வருவார். அடுத்த கூட்டத்துக்கு வேறொருவர் வேறொரு படிவத்தோடு வருவார். எதை எடுப்பது என்று முடிவாகாமலே வருடம் ஓடிவிடும்.

நான் செவிலியர் கல்லூரியில் பாடம் எடுப்பவள். இணைந்த மருத்துவமனையின் தரக் குழுவிலும் இருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுத்தர மருத்துவமனை என்றால் வார்டிலேயே ட்ரில் வைத்து, அதாவது ஓர் அவசர நிலையை ஒத்திகையாக நடத்தி, கண்ணால் பார்த்து மதிப்பெண் போடும் முறையை எடுங்கள். மாணவர்களுக்கு, மருத்துவ மாணவர்களையும் செவிலிய மாணவர்களையும் ஒரே அறையில் நிறுத்திப் பார்க்கும் குழுத் தேர்வு. கேள்வித்தாள்கள், சக ஊழியர் கருத்துப் படிவங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான். காரணங்களைப் பார்ப்போம்.

2005 மார்ச் 29ஆம் தேதி இங்கிலாந்தில் எலேன் பிராமிலி என்ற பெண்மணி சைனஸ் தொந்தரவுக்காக ஒரு சாதாரண அறுவைச் சிகிச்சைக்குப் போனார். மயக்க மருந்து கொடுத்த பிறகு மூச்சுக்குழாய்க்குள் டியூப் இறங்கவில்லை. மாஸ்க் வைத்தும் காற்று ஏற்ற முடியவில்லை. அனுபவமுள்ள மூத்த மருத்துவர்கள் மூன்று பேர் அறையில் இருந்தார்கள். டியூப் போடும் முயற்சியிலேயே மூன்று பேரும் மூழ்கிவிட்டார்கள். ஒரு நர்ஸ், கழுத்தில் துளையிட்டுக் காற்று கொடுக்க உதவும் ட்ரக்கியாஸ்டமி செட்டைக் கொண்டுவந்து, இதோ தயாராக இருக்கிறது என்று சொன்னார். இன்னொரு நர்ஸ் ஐசியூவில் படுக்கைக்குச் சொல்லிவிட்டு வந்தார்; ஏன் இவ்வளவு பதற்றம் என்பது போல மருத்துவர்கள் பார்க்கவும், அந்தப் படுக்கையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எலேன் 13 நாள் கழித்து இறந்துபோனார். அவருடைய கணவர் மார்ட்டின் பிராமிலி ஒரு விமானி. நடந்ததை வெளிப்படையாக விசாரிக்கச் சொல்லி, 2007இல் மருத்துவத் துறைக்கென்றே மனிதக் காரணிகள் (திறமையுள்ளவர்களும் சேர்ந்து வேலை செய்யும்போது ஏன் தவறுகிறார்கள் என்பது) குறித்த ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

அந்த அறையில் இருந்த யாருக்கும் எழுத்துத் தேர்வு வைத்திருந்தால் தேறியிருப்பார்கள். கைத்திறன் பரீட்சையிலும் தேறியிருப்பார்கள். தேவையான கருவி அறையிலேயே இருந்தது. தேவையான யோசனையும் ஒருவர் மனதில் இருந்தது. அது அடுத்தவர் காதில் ஏறவில்லை. எனவே எந்தப் படிவம் என் மேசைக்கு வந்தாலும் அதை இந்தக் கேள்வியோடுதான் பார்க்கிறேன்: அந்த நர்ஸ் சொன்னது போய்ச் சேரவில்லை என்பதை இது காட்டிக்கொடுக்குமா?

நம் ஊரில் இதே விஷயம் பெரும்பாலும் போனில் நடக்கும். இரவு இரண்டு மணி, லேபர் வார்டு. பிரசவம் முடிந்த அம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. சிஸ்டர் டாக்டரை அழைக்கிறார்: "சார், தூங்கிட்டிருந்தீங்களா சார்? நாலாம் நம்பர் பெட்டுக்கு கொஞ்சம் ப்ளீடிங் இருக்குதுங்க சார், ஒருக்கா வந்து பாத்துட்டுப் போயிருங்க சார்." பெரியவர்களிடம் பணிவாகப் பேசிப் பழகிய பிள்ளைகள் இப்படித்தான் பேசுவார்கள், அந்தப் பணிவில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் நாடித்துடிப்பு 124, பிபி 90க்கு 60 என்ற இரண்டு எண்களும் அந்தப் பேச்சில் இல்லை. டாக்டர் அரை மணி நேரம் கழித்து வந்தால் அவர் மேலும் முழுக் குற்றம் சொல்ல முடியாது. அதே மரியாதையோடு, "சார், நாலாம் பெட், நார்மல் டெலிவரி முடிஞ்சு இருபது நிமிஷம், ப்ளீடிங் 700 எம்எல் தாண்டிருச்சு, பல்ஸ் 124, பிபி 90க்கு 60, ஆக்சிடோசின் போட்டாச்சு, நீங்க இப்பவே வரணுமுங்க சார்" என்றும் சொல்லலாம். நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என் வேண்டுகோள் என்ற வரிசையில் பேசும் எஸ்பார் முறை இதுதான். நாம் அளக்க வேண்டியது இந்த இரண்டு போன் அழைப்புகளுக்கும் இடையிலான தூரத்தை.

சரி, கையில் இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி கேள்வித்தாள். மாணவர்களுக்கான கேள்வித்தாள்களில் மிகவும் புழங்குவது ரிப்பிள்ஸ். 1999இல் இங்கிலாந்தில் உருவானது, 19 வாக்கியங்கள். "மற்ற துறை மாணவர்களோடு சேர்ந்து படித்தால் நல்ல குழு உறுப்பினராவேன்" என்பது போன்ற வாக்கியங்களுக்கு எந்த அளவு ஒப்புக்கொள்கிறோம் என்று டிக் அடிக்க வேண்டும். வேலையில் இருப்பவர்களுக்கு, அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனமும் பாதுகாப்புத் துறையும் 2006இல் வெளியிட்ட டீம்ஸ்டெப்ஸ் என்ற குழுவேலைப் பயிற்சியோடு வரும் இரண்டு கேள்வித்தாள்கள் உண்டு. மனப்பான்மையைக் கேட்பது 30 வாக்கியங்கள், தன் குழு எப்படி நடக்கிறது என்று கேட்பது 35. எல்லாம் இலவசம். ஒரு வகுப்பு முழுவதையும் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

இதில் ஒரு தொல்லை. குழுவாக வேலை செய்வது நல்லதா என்று கேட்டால் இல்லை என்று யார் சொல்வார்கள்? முதலாண்டு மாணவி முதல் சீனியர் சர்ஜன் வரை எல்லோரும் 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்திலேயே டிக் அடிப்பார்கள். பயிற்சிக்கு முன்பே மதிப்பெண் உச்சியில் இருந்தால், பயிற்சிக்குப் பிறகு ஏறுவதற்கு இடமே இருக்காது. ரிப்பிள்ஸ் மேல் ஆய்வாளர்கள் வைக்கும் விமர்சனங்களில் இதுவும் ஒன்று. பாத்திரங்கள், பொறுப்புகள் பற்றிய அதன் உட்பகுதி சீராக அளக்கவில்லை என்பது இன்னொன்று. இரவு இரண்டு மணிக்கு அந்த சிஸ்டர் என்ன பேசுவார் என்பதற்கும், பகலில் வகுப்பறையில் அவர் அடித்த டிக்குக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. பயிற்சியின் பலனை நான்கு படிகளாகப் பிரிக்கும் கிர்க்பாட்ரிக் முறைப்படி சொன்னால் — பிடித்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, நோயாளிக்குப் பலன் கிடைத்ததா — கேள்வித்தாள் முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடுகிறது.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். வார்டின் சூழலைக் கேட்கும் கேள்வித்தாள்கள் வேறு வகை. பாதுகாப்பு மனப்பான்மைக் கேள்வித்தாள் என்று 2006 முதல் உலகெங்கும் புழங்கும் ஒன்றில், நோயாளி கவனிப்பில் ஒரு பிரச்சினை கண்ணில் பட்டால் இந்த வார்டில் அதை வாய்விட்டுச் சொல்வது சிரமமா என்ற கேள்வி வருகிறது. அது ஒரு தனி ஆளின் திறனைக் காட்டாது. ஆனால் எந்த வார்டில் வாய்கள் மூடிக்கிடக்கின்றன என்று காட்டும். வருடத்துக்கு ஒரு முறை, பெயர் எழுதாமல் இதை வைத்தால் எந்த வார்டில் ட்ரில்லைத் தொடங்குவது என்று முடிவெடுக்க உதவும்.

இரண்டாவது வழி, பலரிடம் கேட்டு வாங்கும் கருத்து. முந்நூற்று அறுபது பாகை மதிப்பீடு என்று நிர்வாகத்தில் சொல்வார்கள். பிரிட்டனில் புது மருத்துவர்களுக்கு இதை முறையாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே ஒருவரைப் பற்றிக் குறைந்தது பத்துப் பேர் எழுத வேண்டும். மாதக்கணக்கில் கூடவே வேலை பார்த்தவர்கள் எழுதுவதால், ஒரு நாள் ட்ரில்லில் தெரியாத பல விஷயம் இதில் வெளிவரும். கோவை அவிநாசி ரோட்டில் இருக்கும் பெரிய மருத்துவமனைகளுக்கு இது ஒத்துவரலாம். ஒரு துறையிலேயே அத்தனை பேர் இருப்பார்கள்.

நம் சிறிய ஊர்களுக்கு இது ஒத்துவராது என்பது என் திடமான கருத்து. இரவு ஷிப்டில் இருப்பதே ஐந்தாறு பேர். அதில் இரண்டு பேர் ஒரே ஊர், ஒருவர் இன்சார்ஜ் சிஸ்டரின் ஒன்றுவிட்ட தங்கை. பெயர் போடாமல் எழுதினாலும் யார் எழுதியது என்பது சாயங்காலம் டீ குடிக்கும்போதே தெரிந்துவிடும். அப்புறம் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்: எல்லோரும் எல்லோருக்கும் 'மிக நன்று' போடுவார்கள், அல்லது பழைய மனத்தாங்கல் எல்லாம் படிவத்தில் வந்து இறங்கும். இளைய சிஸ்டர் ஒருவர் மூத்த டாக்டரைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதுவார் என்று எதிர்பார்ப்பது அந்தப் பெண்ணுக்கு நாம் செய்யும் அநியாயம்.

மூன்றாவது வழி, பார்த்து மதிப்பிடுவது. இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் இதிலேயே மூன்று விதமான கருவிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆட்களுக்கு.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஆன்ட்ஸ், நாட்ஸ் என்ற இரண்டும் ஒரு வகை. ஆன்ட்ஸ் மயக்க மருத்துவருக்கு. 2003இல் வெளிவந்தது, நான்கு பிரிவு, 15 கூறுகள். நாட்ஸ் அறுவைச் சிகிச்சை மருத்துவருக்கு. இதிலும் நான்கு பிரிவு, 12 கூறுகள். சூழ்நிலை அறிதல், முடிவெடுத்தல், தலைமை, தகவல் பரிமாற்றம் என்று நுணுக்கமாகப் போகும். அருமையான கருவிகள். ஆனால் இவை ஒரு தனி மருத்துவரைப் பார்ப்பவை. மதிப்பிடுகிறவர் அதே துறையில் தேர்ந்தவராகவும் இந்தக் கருவியில் பயிற்சி எடுத்தவராகவும் இருக்க வேண்டும். கோவை மருத்துவக் கல்லூரி போல முதுநிலை மாணவர்கள் உள்ள இடங்களில் துறைத் தலைவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இது. மயக்க மருத்துவர் வெளியிலிருந்து போனுக்கு வந்துபோகும் மருத்துவமனையில் இதற்கு வேலை இல்லை.

அடுத்தது டீம்ஸ்டெப்ஸின் பார்வைப் படிவம். குழு அமைப்பு, தகவல் பரிமாற்றம், தலைமை, நிலைமையைக் கவனித்துக்கொண்டே இருத்தல், ஒருவருக்கொருவர் கைகொடுத்தல் என்று ஐந்து தலைப்பு. ஒவ்வொன்றின் கீழும் நான்கைந்து நடத்தைகள். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். அகலமானது, வார்டு ரவுண்ட்ஸ், ஷிப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டோவர் எல்லாவற்றுக்கும் போடலாம். ஒரே நிபந்தனை: அந்தப் பயிற்சியை உங்கள் ஆட்கள் ஏற்கெனவே எடுத்திருக்க வேண்டும். வேலை தொடங்குமுன் சுருக்கக் கூட்டம், நடுவில் ஒரு கூடல், முடிந்ததும் அலசல் என்று அந்தப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பழக்கங்களையே படிவமும் தேடுகிறது. சொல்லிக்கொடுக்காத பாடத்தில் பரீட்சை வைத்தால் குறைந்த மதிப்பெண்தான் வரும், அதனால் ஒன்றும் தெரியாது.

மூன்றாவதுதான் நான் பரிந்துரைக்கும் டீம் (TEAM) படிவம். டீம்ஸ்டெப்ஸ் வேறு, இது வேறு. அவசரக் குழுக்களை மதிப்பிடுவதற்கென்று ஆஸ்திரேலியாவில் உருவாகி 2010இல் வெளியானது. 11 கூறுகள்: தலைமைக்கு இரண்டு, குழுவேலைக்கு ஏழு, வேலைகளை வரிசைப்படுத்திச் செய்வதற்கு இரண்டு. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை, மொத்தம் 44. கடைசியில் ஒட்டுமொத்தமாக ஒன்று முதல் பத்துக்குள் ஒரு மதிப்பெண். ஒரு தாளில் அடங்கும். ட்ரில் முடிந்து கை கழுவி வருவதற்குள் போட்டுவிடலாம். மேலும், இது தனி ஆளுக்கு மதிப்பெண் போடுவதில்லை. குழு முழுவதற்கும் சேர்த்துப் போடுகிறது. நம் இடங்களில் இந்த ஒன்றுக்காகவே இதை எடுக்கலாம். 'யார் தப்பு' என்ற பேச்சு எழாது.

எப்படி வேலை செய்கிறது என்று ஒரு ட்ரில்லை வைத்துப் பார்க்கலாம். லேபர் வார்டு, பிரசவத்துக்குப் பிறகான ரத்தப்போக்கு. பெரிய பொம்மை எல்லாம் வேண்டாம். இடுப்பில் கட்டிக்கொள்ளும் மாமாநேட்டலி என்ற பிரசவப் பயிற்சிப் பொம்மை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு மாணவி கட்டிலில் படுத்துக்கொண்டு, அடியில் அளவு குறித்த பையில் சிவப்புத் தண்ணீரை ஒருவர் ஊற்றிக்கொண்டே வந்தால் போதும். டூட்டி டாக்டர் ஓடி வருகிறார். வந்ததும் கையுறை மாட்டிக் கருப்பையை அமுக்கிவிட ஆரம்பிக்கிறார். செய்ய வேண்டியதுதான். ஆனால் குனிந்த தலை நிமிரவே இல்லை. பை நிரம்புவதும் மானிட்டரில் பல்ஸ் ஏறுவதும் அவர் கண்ணில் படவில்லை. இரண்டாவது கூறு, தலைவர் முழு நிலைமையையும் பார்வையில் வைத்திருந்தாரா என்பது, அதற்கு ஒன்று. அமுக்கும் வேலையைப் பக்கத்திலிருக்கும் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு ஓரடி பின்னால் நின்றிருந்தால் மூன்று கிடைத்திருக்கும்.

"ஆக்சிடோசின் பத்து யூனிட் போடுங்க" என்கிறார் டாக்டர், யார் முகத்தையும் பார்க்காமல். கருப்பையைச் சுருங்கவைத்து ரத்தத்தை நிறுத்தும் மருந்து அது. இரண்டு சிஸ்டர்கள் ஒரே நேரத்தில் ஃப்ரிட்ஜ் பக்கம் ஓடுகிறார்கள். கட்டிலருகில் ஐவி லைன் போட ஆள் இல்லை. ஒருவர் ஊசி போட்டுவிட்டார், ஆனால் "போட்டாச்சு சார்" என்று சொல்லவில்லை. ஒரு நிமிடம் கழித்து டாக்டர் கேட்கிறார், "ஆக்சிடோசின் போட்டாச்சா இல்லையா?" தகவல் பரிமாற்றத்துக்கான மூன்றாவது கூறில் இதற்கு ஒன்றுக்கு மேல் போட முடியாது. பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்வது, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்வது, முடிந்ததும் முடிந்தது என்று சொல்வது; இவ்வளவுதான் தேவை. அந்தப் பக்கம் மூலையில் நிற்கும் மூன்றாமாண்டு மாணவி டிரானெக்ஸாமிக் ஆசிட் ஒரு கிராம் இன்னும் போகவில்லை என்பதைக் கவனித்துவிட்டாள். ரத்தப்போக்கைக் குறைக்க, பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் போக வேண்டிய மருந்து, சீக்கிரம் போனால் அவ்வளவுக்கு நல்லது. அவள் பக்கத்துத் தோழியின் காதில் மட்டும் சொல்கிறாள்.

டீம் படிவத்தின் குறை இந்த இடத்தில்தான் தெரிகிறது. அந்த மாணவி வாய் திறக்காததை அதன் 11 கூறுகளில் எதுவும் நேரடியாகக் கேட்பதில்லை. பொதுவான தகவல் பரிமாற்றத்திலோ, அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டி யோசித்தார்களா என்பதிலோ அது கரைந்துபோகும். எனவே படிவத்தின் அடியில் தனியாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: 'இளையவர் யாராவது ஒரு விஷயத்தைச் சொன்னாரா? சொன்னது எடுத்துக்கொள்ளப்பட்டதா?' இதை 44இல் சேர்க்காதீர்கள். சேர்த்தால் கருவியே மாறிவிடும். வேறு இடத்து மதிப்பெண்ணோடு ஒப்பிட முடியாது. ஆம், இல்லை, என்ன சொன்னார் என்று மட்டும் எழுதுங்கள். பிராமிலி அறையில் நடந்ததைப் பிடிக்கும் வரி இதுதான். மூன்று வழிகளில் இதை எழுத இடம் கொடுப்பதும் பார்வை முறை மட்டும்தான்.

இன்னும் ஒரு விஷயம், ஒரு ஸ்டாப்வாட்ச். உதவிக்குக் கூப்பிட்டதிலிருந்து ஆக்சிடோசின் போகும் வரை எத்தனை நிமிடம், எத்தனை நொடி. இந்த ஒரு எண் மாதாமாதம் குறைகிறதா என்பது, 44க்கு எத்தனை என்பதைவிட டாக்டர்களுக்கு நன்றாகப் புரிகிறது. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய லக்‌ஷ்யா திட்டத்தில் உள்ள அரசு மருத்துவமனைகள், வழக்கமாக நடத்தும் பயிற்சியோடு இந்தப் படிவத்தையும் ஸ்டாப்வாட்சையும் சேர்த்துக்கொண்டால் போதும். புதிதாக ஒரு திட்டம் போட வேண்டியதில்லை.

மதிப்பிடுகிறவர் யார் என்பதில்தான் பார்வை முறை நிற்பதும் விழுவதும். ஒருவரைப் பிடித்துவிட்டால் எல்லாக் கூறுக்கும் மூன்று, நான்கு என்று போட்டுக்கொண்டே போகும் குணம் நம் எல்லோருக்கும் உண்டு. அதனால் இரண்டு பேர் வேண்டும், ஒரு டாக்டர், ஒரு சிஸ்டர். தனித்தனியாகப் போட்டுவிட்டு அப்புறம் ஒப்பிட வேண்டும். ஒரே கூறில் இரண்டு மதிப்பெண் வித்தியாசம் வந்தால் என்ன பார்த்தீர்கள் என்று பேச வேண்டும். ஆரம்பத்தில் போனில் பதிவு செய்த ட்ரில் வீடியோக்களை வைத்துப் பழகினால் வித்தியாசம் தானாகக் குறையும். இன்சார்ஜ் சிஸ்டர் தன் வார்டையே மதிப்பிடக் கூடாது. முடிந்தால் கோபியில் இருப்பவர் பவானிக்கும், பவானியில் இருப்பவர் கோபிக்கும் போய் வரலாம். பஸ்ஸில் போய்வரும் தூரம்தான், முகதாட்சண்யமும் இருக்காது.

படிவம் தமிழில் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ட்ரில் முடிந்ததும் அந்தத் தாளை ஆயாம்மாவும் படிக்க முடிய வேண்டும். மொழிபெயர்த்ததை வேறொருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லி, மூலத்தோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள். திருப்பூர்ப் பக்கம் இன்னொன்றும் உண்டு. பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் குடும்பங்களின் பெண்கள் பிரசவத்துக்கு வருகிறார்கள். அவர்களிடம் இந்தியில் பேசத் தெரிந்தவர் பெரும்பாலும் ஒரு செக்யூரிட்டியோ லேப் டெக்னீஷியனோ ஆக இருப்பார். அந்த ஆளும் அன்றைக்குக் குழுவில் ஒருவர். ட்ரில்லில் அவரையும் நிறுத்துங்கள்.

படிவம் பார்க்காத ஓரிடம் கேஷுவால்டி வாசல். சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் விபத்து, வயலில் பாம்புக்கடி, தாளவாடியிலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வரும் பிரசவக் கேஸ் என்று நிறைய நோயாளிகள் 108 ஆம்புலன்சில்தான் வருகிறார்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் இந்த வண்டியில் ஓட்டுநருக்குப் பைலட் என்று பெயர், கூட ஈஎம்டி என்ற அவசர மருத்துவ உதவியாளர் ஒருவர். வழியில் நடந்தது எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஸ்ட்ரெச்சரை இறக்கும்போதே டாக்டர் நோயாளி மேல் குனிந்துவிடுவார். ஈஎம்டி சொல்வதைக் காற்றுதான் கேட்கும். டீம் படிவம் குழு கூடிய பிறகுதான் தொடங்குகிறது. இதற்கென்று தனியாக, முப்பது நொடி யாரும் கை வைக்காமல் கேட்டார்களா, என்ன நடந்தது, என்ன அடிபட்டது, அளவுகள் என்ன, என்ன கொடுத்தார்கள் ஆகிய நான்கும் சொல்லப்பட்டனவா என்று ஒரு சின்னச் சீட்டு வைத்துக்கொண்டால் போதும். மூச்சு நின்றவருக்கு இந்த முப்பது நொடி கிடையாது என்பதையும் அதிலேயே எழுதிவையுங்கள்.

இனி மாணவர்கள். 2019இல் வந்த திறன் சார்ந்த எம்பிபிஎஸ் பாடத்திட்டம் மருத்துவப் பட்டதாரிக்கு ஐந்து பாத்திரங்களை வகுத்திருக்கிறது. அதில் ஒன்று மருத்துவக் குழுவின் தலைவராகவும் உறுப்பினராகவும் இருப்பது. செவிலியர் பாடத்திட்டமும் இதையே எதிர்பார்க்கிறது. இரண்டு பேருக்கும் பட்டம் கொடுப்பது ஒரே எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகம். ஆனால் பெருந்துறையிலோ திருப்பூரிலோ ஒரு ஹவுஸ் சர்ஜனும் ஒரு இறுதியாண்டு செவிலிய மாணவியும் ஒரே தேர்வறையில் சேர்ந்து நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் இரவில்தான் முதன்முதலாகச் சேர்ந்து நிற்கிறார்கள்.

இதற்கு இரண்டு வழி ஒப்பிடலாம். ஒன்று, சக மாணவர் மதிப்பீடு. குழுப் பணி முடிந்ததும் ஒவ்வொருவரும் மற்றவர்களுக்கு மதிப்பெண் போடுவது. செலவே இல்லை. யார் வேலையைத் தட்டிக்கழித்தார் என்பது இதில் நன்றாகத் தெரியும். ஆனால் ஹாஸ்டல் ரூம் சிநேகிதம் உள்ளே வந்துவிடும், கட்டிலருகே நடப்பதும் இதில் வராது. இன்னொன்று டோஸ்கி. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து அறிமுகமான, மாணவர் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய்ச் செய்து காட்டும் ஓஸ்கி தேர்வை நம் கல்லூரிகள் எல்லாம் அறியும். ஒரு ஸ்டேஷனில் ஒரு மாணவருக்குப் பதிலாக, வெவ்வேறு துறை மாணவர்கள் ஒரு குழுவாக நின்றால் அது டோஸ்கி. கனடாவின் மெக்மாஸ்டர், ஒட்டாவா பல்கலைக்கழகங்களின் பெயரில் வழங்கும் வடிவம் பரவலாகத் தெரிந்தது. மாணவருக்கு நான் இதைத்தான் எடுப்பேன். ஆள்பலம் அதிகம் வேண்டும், இரண்டு கல்லூரிகளின் கால அட்டவணை ஒத்துவர வேண்டும். அதனால் வருடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் முடியாது. இரண்டு முறையே போதும்.

இதை உள்மதிப்பெண்ணில் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் ஒரு நியாயமான கேள்வி வரும். "ஏனுங்க மேடம், இன்னொரு புள்ள செஞ்சதுக்கு எம் பொண்ணு மார்க்கு ஏனுங்க குறையணும்?" என்று ஒரு அப்பா வந்து கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஒரு ஸ்டேஷனில் குழுவுக்குக் கிடைத்த மதிப்பெண்ணை வைத்து ஒரு தனி மாணவியின் திறனைப் பிரித்தெடுக்க முடியாது என்பது உண்மை. குழுவுக்குக் குழு மதிப்பெண், மாணவிக்கு வாய்மொழிக் கருத்து என்று வைத்துக்கொள்வதே முறை. ரிப்பிள்ஸ் போன்ற கேள்வித்தாள் வேண்டும் என்று ஆராய்ச்சிக் குழு கேட்டால், டோஸ்கிக்கு முன்னும் பின்னும் வைத்துக்கொள்ளட்டும். பாடம் மாணவர்களுக்குப் பிடித்ததா என்று தெரியும்.

ஆக, யார் எதை எடுப்பது? மகப்பேறும் கேஷுவால்டியும் உள்ள ஐம்பது, நூறு படுக்கை மருத்துவமனை: டீம் படிவம், அந்தக் கூடுதல் வரி, ஸ்டாப்வாட்ச், மாதம் ஒரு ட்ரில். டீம்ஸ்டெப்ஸ் பயிற்சி ஏற்கெனவே கொடுத்துவிட்ட பெரிய மருத்துவமனை: அதனுடைய பார்வைப் படிவம், கூடவே வருடாந்திரச் சூழல் கேள்வித்தாள். முதுநிலை மாணவர்கள் உள்ள மருத்துவக் கல்லூரி: மயக்கவியலுக்கும் அறுவைக்கும் ஆன்ட்ஸ், நாட்ஸ், ஹவுஸ் சர்ஜன்களுக்கு டோஸ்கி. மருத்துவமனை சேராத தனிச் செவிலியர் கல்லூரி என்றால், பக்கத்து மருத்துவக் கல்லூரியோடு பேசி டோஸ்கிக்கு ஏற்பாடு செய்யும் வரை சக மாணவர் மதிப்பீட்டோடு ஓட்டலாம்.

எந்தப் படிவமானாலும் இன்கிரிமென்ட்டோடு முடிச்சுப் போடாதீர்கள். சம்பளம் உள்ளே வந்த அன்றே எல்லா வார்டும் 44க்கு 40 வாங்கிவிடும். மதிப்பெண்ணை அன்றே, அங்கேயே, பத்து நிமிடம் நின்று பேசுங்கள். ஆயாம்மாவும் மாணவியும் முதலில் பேசட்டும், டாக்டர் கடைசியில். டாக்டர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் "அதேதானுங்க சார்" என்று முடித்துக்கொள்வார்கள்.

ட்ரில்லுக்கு மதியம் ஷிப்ட் மாறும் நேரத்தை எடுங்கள், இரண்டு ஷிப்ட் ஆட்களும் இருப்பார்கள். காலை ஹேண்டோவர் வேண்டாம். இரவு முழுக்க விழித்தவர்களை நிறுத்தி வைக்காதீர்கள், அவர்களுக்கு வீட்டுக்குப் போகிற பஸ் இருக்கிறது. முதல் மூன்று மாத மதிப்பெண்களை எந்தக் கோப்பிலும் ஏற்ற வேண்டாம், அவை மதிப்பிடுகிறவர்கள் பழகுவதற்கு. நான்காவது மாதத்திலிருந்து பதிவேடு போடுங்கள். தேதி, யார் யார் இருந்தார்கள், 44க்கு எத்தனை, ஆக்சிடோசினுக்கு எத்தனை நிமிடம், இளையவர் என்ன சொன்னார் என்று ஐந்து கட்டம் போதும்.